ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது: பழைய கம்ப்யூட்டரின் கோளாறைப் பிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் இருப்பது புதிய கம்ப்யூட்டர் அல்ல. அலுவலகங்களில் சில வருடங்கள் ஓடி, கழித்துக் கட்டப்பட்டு, சுத்தம் செய்து விற்பனைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் சிஸ்டமாக இருக்கலாம். வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போன பிள்ளை வீட்டில் விட்டுச் சென்றதாக இருக்கலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்பாகவும் இருக்கலாம். தேனி, போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இவற்றில் அதிகம் படுத்தும் கோளாறு ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டால் ஒரு நாள் ஒழுங்காக ஓடும். மறுநாள் அசையாது. நான்கு முறை பட்டனைத் தட்டினால் ஐந்தாவது முறை ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் வந்து நிற்கும். முழுவதும் இறந்துபோன கம்ப்யூட்டரைக் கூட எளிதில் சரி செய்துவிடலாம். இந்த "சில நேரம்" கோளாறுதான் மெக்கானிக்குக்கே தண்ணி காட்டும்.

கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ. சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், கடையில் மேசை மீது வைத்து ஆன் செய்தால் உடனே ஓடும்! "ஒன்றும் இல்லையே" என்பார் மெக்கானிக். வீட்டுக்கு வந்ததும் பழைய கதை. இது மாயம் அல்ல. பஸ் குலுக்கலில் லூசாக இருந்த ஒரு கார்டோ கேபிளோ தற்காலிகமாக நன்றாக உட்கார்ந்திருக்கலாம். அல்லது கடையில் வரும் மின்சாரம் வீட்டில் வருவதை விடச் சீராக இருக்கலாம்.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "சில நேரம்" வரும் கோளாறுக்கும் காரணம் உண்டு. எந்த நேரம் வருகிறது என்று கவனித்தால், எந்தப் பாகம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் கவனிப்பைச் செய்யக்கூடியவர் மெக்கானிக் அல்ல; வீட்டில் இருக்கும் நீங்கள்தான்.

முதல் வேலை: காப்பி எடுங்கள்

கோளாறைத் தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை கம்ப்யூட்டர் ஓடியவுடன் வேறு எதையும் செய்யாதீர்கள். ஏலக்காய் வியாபாரக் கணக்கு, திராட்சைத் தோட்டத்துக் கூலிக் கணக்கு, பிள்ளைகளின் மார்க் ஷீட் ஸ்கேன், கல்யாண போட்டோக்கள் என்று வேறு எங்கும் இல்லாத பைல்களைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். பிறகு அந்தப் பென் டிரைவை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, பைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம். ஐந்து வருடக் கணக்கைக் கடையில் வாங்க முடியாது.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக்... டிக்..." என்று சீரான சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கை மேலும் கெடுக்கும். உடனே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் தகவல் முக்கியம் என்று சொல்லி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

"ஆன் ஆகவில்லை" என்பது நான்கு வகை

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது? எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை பெட்டி, வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய அளவுகளாக மாற்றித் தருகிறது. இந்த அளவுகள் நிலையாக வந்ததும் அரை நொடிக்குள் "பவர் சரி" என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் போகும். அதற்குப் பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும். பயாஸ் என்ற சிறிய புரோகிராம் ராம் மெமரி, டிஸ்பிளே, கீபோர்டு எல்லாவற்றையும் சோதிக்கும். பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் தேடி விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

இந்த ஓட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

1. லைட்டும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை. மின்சாரம் வரும் வழி, எஸ்.எம்.பி.எஸ்., அல்லது முன்பக்க பவர் பட்டன்.

2. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் வரவில்லை. ராம், டிஸ்பிளே கார்டு, மதர்போர்டு, அல்லது வலு குறைந்த எஸ்.எம்.பி.எஸ். பீப் சத்தம் விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ராம் மீதுதான். பீப்பின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

3. கம்பெனி லோகோ வருகிறது, பிறகு "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" போன்ற செய்தியுடன் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க், அதன் கேபிள், அல்லது பயாஸ் செட்டிங். முதலில் பென் டிரைவ் ஏதேனும் செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து பூட் ஆக முயன்று அங்கேயே நின்றுவிடும்.

4. விண்டோஸ் தொடங்குகிறது, பாதியில் ரீஸ்டார்ட் ஆகிறது அல்லது நீலத் திரை வருகிறது. ஹார்ட் டிஸ்க், ராம், டிரைவர், விண்டோஸ் பைல்கள் என்று இங்கே சந்தேகப் பட்டியல் நீளம்.

"ஆன் ஆகவில்லை" என்று சொல்வதற்குப் பதில் "இரண்டாம் வகை, மூன்று நீள பீப்" என்று சொன்னால் மெக்கானிக்கின் வேலையில் பாதி முடிந்தது.

ஒரு வார நோட்டு

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டர் அருகில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். தேதியும் நேரமும், அதற்கு முன் எவ்வளவு நேரம் ஆஃபில் இருந்தது, மழையா, வெயிலா, கரண்ட் போய் வந்ததா, மேலே சொன்னதில் எந்த வகை, எப்படி மீண்டும் ஓடியது. ஒரு வாரம் போதும். பிறகு நோட்டைப் படியுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று உங்கள் நோட்டில் தெரியும்.

காலையில் மட்டும் அடம்பிடிக்கிறதா?

காலை முதல் முயற்சியில் ஓடாது. சில முறை தட்டிய பிறகு ஓடும். ஓடிவிட்டால் அன்று முழுவதும் தொல்லை இல்லை. ஆஃப் செய்து உடனே ஆன் செய்தாலும் ஓடும். மார்கழி, தை மாதக் குளிரில் இது இன்னும் அதிகமாகும்.

இங்கே சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ மதர்போர்டிலோ உள்ள கெப்பாசிட்டர்கள் மீது. சிறிய டப்பா போல நின்றுகொண்டிருக்கும் இவை மின்சாரத்தைச் சீராக்கித் தருபவை. உள்ளே இருக்கும் திரவம் வருடக் கணக்கில் மெல்ல உலர்கிறது. உலர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்த நிலையில் சரியாக வேலை செய்யாது. சற்றுச் சூடேறினால் சமாளித்துக்கொள்ளும். நீங்கள் பட்டனைத் தட்டித் தட்டி அதைச் சூடாக்குகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தக் கெப்பாசிட்டர் சமாசாரம் உலகையே ஆட்டி வைத்த கதை ஒன்று உண்டு. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தயாரான தரமற்ற கெப்பாசிட்டர்கள் பல கம்பெனிகளின் மதர்போர்டுகளில் புகுந்துவிட்டன. ஓரிரு வருடங்களில் அவை உப்பி, கசிந்து, கம்ப்யூட்டர்கள் திடீர் திடீரென்று நின்றன. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் சிலவற்றைச் சரி செய்து தருவதற்காக 2005-ல் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டி வந்தது. ஆப்பிள் கம்பெனியும் தன் ஐமேக் ஜி5 வகைக்கு வாரன்டி காலம் தாண்டியும் இலவசமாகப் பழுது பார்த்துத் தந்தது.

அந்தக் கெப்பாசிட்டர்கள் இன்று அபூர்வம். ஆனால் நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் உள்ள பொதுக் கணக்கு. தூசி அடைத்த ஃபேனுடன் ஓடிய கம்ப்யூட்டருக்கு வயது சீக்கிரம் ஏறும்.

பவர் ஷட்டவுனுக்குப் பிறகு வருகிறதா?

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாள் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். "சிமாஸ் செக்சம் எர்ரர்" என்ற செய்தி வரும். அல்லது வெப்சைட்டுகள் எல்லாம் "பாதுகாப்பற்றது" என்று மறுக்கும்.

காரணம், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி. சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். சிறிது மின்சாரம் தந்துகொண்டிருக்கும். அதனால் பேட்டரி தீர்ந்தது தெரியாது. கரண்ட் நீண்ட நேரம் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். செட்டிங் மறந்துபோவதால் ஹார்ட் டிஸ்க்கைத் தேடும் வரிசை மாறி, மூன்றாம் வகைக் கோளாறும் வரலாம். புதிய பேட்டரியில் 3 வோல்ட் இருக்கும். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழ் காட்டினால் மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. மாற்றிய பின் பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரி செய்திடுங்கள்.

மழைக்காலத்தில், பூட்டிக் கிடந்த பிறகு?

ஜூன் தொடங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றும் சாரலும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஏலத் தோட்ட வேலையாக மலைக்குப் போய் நான்கைந்து நாள் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் பலர். திரும்பி வந்து ஆன் செய்தால் ஃபேன் மட்டும் சுற்றும்; அல்லது பீப் பீப்.

ஈரமும் தூசியும் சேர்ந்து ராமின் தங்க நிறக் காண்டாக்டுகள் மீது படலமாகப் படிந்திருக்கும். ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பகுதியை மெல்லத் தேய்த்து, ரப்பர் துகள்களைத் துடைத்து, "கிளிக்" சத்தம் வரும்வரை மீண்டும் அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாரம் இரு முறையாவது அரை மணி நேரம் ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது.

குறிப்பிட்ட மணி நேரத்தில்?

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது, அல்லது பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது மட்டும் ஆன் ஆகவில்லை என்றால் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்காதீர்கள். வோல்டேஜைப் பாருங்கள். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். கோளாறு வரும் அதே நேரத்தில் எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஸ்டெபிலைசரோ நல்ல யு.பி.எஸ்.ஸோ தான் மருந்து.

யு.பி.எஸ். ஏற்கெனவே இருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போதே உழைத்து ஓய்ந்த யு.பி.எஸ்.கள் இன்னும் பல மேசைகளின் கீழ் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் வரும்.

சூடான பிறகு?

ஒரு மணி நேரம் ஓடி தானாக நின்று, ஆறிய பிறகே மீண்டும் ஓடுகிறதா? பிராசசர் மேல் உள்ள ஃபேன் சுற்றுகிறதா, ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தூசியைச் சிறு பிரஷ்ஷால் எடுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்க்கிற்கும் நடுவே உள்ள பேஸ்ட் உலர்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகள்

திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

* எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். இரண்டையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

* மானிட்டர், கீபோர்டு தவிர பிரிண்டர், வெப்கேம், ஸ்பீக்கர் அனைத்தையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்.

* மதர்போர்டை டார்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அதுதான் குற்றவாளி.

* ஹார்ட் டிஸ்க் கேபிள்கள் இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள்.

* முதல் வகைக் கோளாறு என்றால் முன்பக்கப் பட்டனே தேய்ந்திருக்கலாம். ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் பட்டன் இருந்த பின்னில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ரீசெட்டை அழுத்தி ஒழுங்காக ஆன் ஆனால், எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் செலவு மிச்சம்.

* நான்காம் வகை என்றால், பைல்களைக் காப்பி எடுத்த பிறகு "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவசப் புரோகிராமை ஓட்டுங்கள். "குட்" என்று இல்லாமல் "காஷன்" அல்லது "பேட்" என்று காட்டினால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரம். ராமைச் சோதிக்க "மெம்டெஸ்ட்86+" இருக்கிறது. இரவில் ஓட விட்டுக் காலையில் பாருங்கள். ஒரு தவறு காட்டினாலும் ராம் மீது நம்பிக்கை வேண்டாம்.

லேப்டாப் என்றால் அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்துங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஓடினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அடாப்டர் பின்னை அசைக்கும்போது லைட் அணைந்து எரிந்தால் சாக்கெட் லூஸ்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் இரண்டு நாள் நோட்டில் எழுதுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கம்ப்யூட்டர் ஓடலாம். எதனால் ஓடியது என்று தெரியாது.

ஆஃப் செய்யாமலே விட்டால்?

"ஓடும்போது ஆஃப் செய்யாதே" என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். காப்பி எடுத்து முடிக்கும் வரை இது நல்ல யோசனைதான். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் ஆஃப் செய்யாவிட்டாலும் ஒரு நாள் மின்வெட்டு ஆஃப் செய்துவிடும். அன்று ஓடாமல் போனால், அதுவரை எடுக்காத காப்பியை எங்கே தேடுவது?

இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கையும், இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் எர்த்திங் சரியில்லை என்று பொருள். கம்ப்யூட்டருக்கு முன் உங்கள் உயிரைக் காப்பாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "அண்ணே, காலையில முதல் தடவை மட்டும் ஆன் ஆகாது. ஃபேன் சுத்தும், டிஸ்பிளே வராது. நாலு தடவை தட்டினா வரும். ராமைத் துடைச்சுப் போட்டாச்சு, ரெண்டு நாள் ஆகியும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை நேராக எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போகும். வாங்கும் முன் கடையில் உள்ள வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் கடையிலேயே ஆஃபில் வைத்து, காலையில் முதல் முயற்சியைப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. கோளாறு காலையில்தான் வருகிறது என்றால், மாலையில் சோதித்துப் பயனில்லை.

எஸ்.எம்.பி.எஸ்., ராம், பேட்டரி, கேபிள் என்றால் தயங்காமல் மாற்றலாம். மதர்போர்டே போயிருந்தால் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பல பழைய கம்ப்யூட்டர்கள் ஏற்காது. லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்றாலும், பழைய வகை மதர்போர்டுக்குப் பெரிய தொகை செலவழிப்பது லாபமில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. பெட்டி ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டால் உங்கள் பைல்கள் அனைத்தும் அடுத்த கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

நோட்டு இல்லை என்றால் இன்றே ஒன்று எடுங்கள். பென் டிரைவ் இல்லை என்றால் அதை முதலில் வாங்குங்கள்.